தீட்சிதர் நோட்டில் என் நட்சத்திரம்

கடலூரிலிருந்து சிதம்பரம் போய்ச் சேரும் வரை என் அம்மா ஒரே வார்த்தையைத்தான் முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். அனுஷம், அனுஷம், அனுஷம். பஸ்ஸில் பார்த்தவர்கள் ஏதோ மந்திரம் சொல்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். முன் சீட்டிலிருந்து அப்பா திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"புஷ்பவள்ளி, தீட்சிதர் கேட்டா நான் சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறக்காத."

"பெத்தவ வாயாலதான் சொல்லணும்னு சம்பந்தியம்மா போன்லயே சொல்லிட்டாங்க. நான் என்ன பண்றது?"

"அப்ப ஒழுங்கா சொல்லு. பழக்கதோஷத்துல அதச் சொல்லித் தொலைக்காத."

அது என்றால் கேட்டை. என் உண்மையான நட்சத்திரம்.

கேட்டையில் பிறந்தவன் கோட்டை கட்டி ஆள்வான் என்பார்கள். அது ஆண்களுக்கு. பெண் பிறந்துவிட்டால் அவள் புருஷனுடைய அண்ணனுக்கு ஆகாது, அவன் உயிருக்கே ஆபத்து. எனக்கு முப்பத்தொரு வயது ஆவதற்குள் பதினாலு வீடுகளுக்கு என் ஜாதகம் போய்த் திரும்பியது. மாப்பிள்ளைக்கு அண்ணன் இருந்தால் அவர்களே வேண்டாம் என்றார்கள். அண்ணன் இல்லாத மாப்பிள்ளையாகப் பார்த்தால் வேறு பொருத்தம் இடித்தது. பதினாலாவது ஜாதகம் திரும்பி வந்த மறுநாள் என் அப்பா தில்லைநாதன் குறிஞ்சிப்பாடிக்குப் போய், பழக்கமான ஒரு ஜோசியரிடம் எனக்குப் புது ஜாதகம் எழுதிக்கொண்டு வந்தார். காலை ஒன்பது நாற்பதுக்குப் பிறந்தவள் ஐந்து பத்துக்குப் பிறந்தவளாக ஆனேன். அன்று காலை ஆறரை மணி வரை அனுஷம் இருந்ததாம். ராசிகூட மாறவில்லை, அதே விருச்சிகம்.

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்மா. நான் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான்" என்றார் அப்பா. நானும் சிரித்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் நான் ரொம்ப யோக்கியம் என்று நினைத்துவிடுவீர்கள்.

புது ஜாதகம் இரண்டே மாதத்தில் எழிலனைக் கொண்டுவந்தது. சிதம்பரத்துக்காரன், பரங்கிப்பேட்டையில் கூட்டுறவு வங்கி வேலை. பத்துக்கு எட்டுப் பொருத்தம். பெண் பார்க்க வந்த அன்று, நான் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறேன் என்றதும், "எனக்கு ஊசின்னா மயக்கமே வந்துரும், பரவாயில்லையா?" என்று கேட்டான். எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. அப்புறம் தினமும் போன். பேசப் பேச இன்னும் பிடித்தது. பதினாலு பேர் வேண்டாம் என்ற பிறகு ஒருவன் வேண்டும் என்று சொன்னால் எப்படி இருக்கும் என்று எனக்குத்தான் தெரியும்.

அவனுக்கு ஒரு அண்ணன் இருப்பது தெரியும். ஆனால் அந்த அண்ணன் மணிவண்ணனுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால், முப்பத்தாறு வயதில், மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறது என்பது நாள் குறித்த பிறகுதான் தெரிந்தது. அப்பா இல்லாத வீட்டில் எழிலனைப் படிக்க வைத்தவர் அவர்தான். அதைக் கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

"ஜாதகத்துல உங்களுக்கு நம்பிக்கை உண்டா?" என்று எழிலனிடம் போனில் கேட்டேன்.

"எனக்கு இல்லப்பா. அண்ணிக்குத்தான் ஜாஸ்தி. ஏன்?"

"சும்மா கேட்டேன்" என்றேன். சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

எனக்கும் ஜாதகத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் என் வேலையில் ஒரு விஷயம் உண்டு. ரத்தக் குழாயில் ஒட்டும் பெயர்ச்சீட்டு மாறினால் ரத்தம் மாறாது, வைத்தியம் மாறிவிடும். எட்டு வருஷத்தில் ஒரு சீட்டைக்கூட நான் மாற்றி ஒட்டியதில்லை. என் மேலேயே மாற்றி ஒட்டிக்கொண்டு இப்போது கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

எழிலன் வீட்டுக்கு மூன்று தலைமுறையாக ஒரே தீட்சிதர் குடும்பம். வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பெயரும் நட்சத்திரமும் அவர் நோட்டில் இருக்கும். மாதாமாதம் அவரவர் நட்சத்திரத்தன்று அர்ச்சனை செய்து, விபூதி குங்குமத்தைக் கவரில் போட்டுத் தபாலில் அனுப்பிவிடுவார். உள்ளூராக இருந்தாலும் தபாலில்தான் வரவேண்டும் என்பது எழிலனின் அம்மா ஞானாம்பாளுக்கு ஒரு பிடிவாதம். பத்திரிகை அடிப்பதற்கு முன்னால் வரப்போகும் மருமகள் பெயர் அந்த நோட்டில் ஏற வேண்டும். அதற்குத்தான் இந்தப் பயணம்.

கீழ வீதியில் நான்கு பேரும் காத்திருந்தார்கள். ஞானாம்பாள், எழிலன், மணிவண்ணன், அவர் மனைவி மோனிகா. எழிலன் என்னைப் பார்த்து ஒரு நொடி சிரித்துவிட்டு, அம்மா பார்க்கிறாள் என்று கோபுரத்தைப் பார்த்தான். எல்லோரும் உள்ளே நடந்தோம். மோனிகா என் கையைப் பிடித்துப் பின்னால் நிறுத்தினாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும் அருளு. எழிலனுக்கு வந்த ஜாதகத்துல ரெண்டு கேட்டை இருந்துச்சு. ரெண்டையும் நாந்தான் வேணாம்னேன்."

"மாமா உடம்புக்காகவா அக்கா?"

"அதுக்கும்தான். பயம் இல்லன்னு சொன்னா பொய். ஆனா வேற ஒண்ணும் இருக்கு. எனக்கும் இவருக்கும் பத்துக்கு ஒன்பது பொருத்தம் தெரியுமா? அப்படிப் பாத்துக் கட்டிட்டு வந்தவதான். இவருக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரில கெடக்காரு, அத்தை என் ஜாதகத்தத் தூக்கிக்கிட்டு மூணு ஜோசியர்கிட்டப் போனாங்க. எங்க குத்தம்னு தேடறதுக்கு. ஒன்பது பொருத்தம் இருந்தவளுக்கே அந்தக் கதி. கேட்டைக்காரி ஒருத்தி வந்து, இவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவள உயிரோட விடுவாங்களா? பாவம்டி அந்தப் பொண்ணுங்க." மோனிகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்லவேள, நீ அனுஷம்."

நான் தலையை ஆட்டினேன். ஆட்டாமல் இருந்திருக்கலாம்.

தீட்சிதர் தூண் ஓரமாக உட்கார்ந்து நோட்டைப் பிரித்தார். எழுபது வயது இருக்கும். எழிலன் குடும்பத்துக்கு ஒரு முழுப் பக்கம். ஞானாம்பாள், ரோகிணி. மணிவண்ணன், பூசம். மோனிகா, அஸ்தம். எழிலன், உத்திராடம். அதற்குக் கீழே ஒரு வரி காலியாக இருந்தது.

"பொண் பேரு?"

"அருள்மொழி" என்றாள் அம்மா.

"நட்சத்திரம்?"

பிறந்ததிலிருந்து ஊரில் எந்தக் கோயிலுக்குப் போனாலும் அம்மா அருள்மொழி, கேட்டை நட்சத்திரம் என்றுதான் அர்ச்சனைத் தட்டை நீட்டியிருக்கிறாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதுதான் வரும். அவள் வாய் 'கே' என்று திறக்கப்போகிறதோ என்று நானும் அப்பாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

"அனுஷம் சாமி. விருச்சிக ராசி" என்றாள் அம்மா, தெளிவாக.

அப்பா மூச்சு விட்டார். தீட்சிதர் எழுதினார். நீல மையில், கொஞ்சம் சாய்ந்த எழுத்தில், அருள்மொழி, அனுஷம். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. இனி யாரும் கேட்கப்போவதில்லை.

"ஆயுசுக்கும் மாசாமாசம் அனுஷத்தன்னிக்கு உன் பேருக்குப் பிரசாதம் வரும்மா" என்றார் தீட்சிதர்.

மணிவண்ணன் தூணில் சாய்ந்து நின்றிருந்தார். உள்ளே நடந்து வந்ததிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது. "நம்ம வீட்டுக்கு இனி மாசம் அஞ்சு கவரு" என்று என்னைப் பார்த்துச் சிரித்தவர், சிரிப்பினூடே இருமினார். ஒரு தடவை, இரண்டு தடவை. வலது கை தானாகவே நெஞ்சுக்குப் போயிற்று.

என்னாலேயோ? ஜாதகத்தை நம்பாதவள், லேபில் எட்டு வருஷம் வேலை பார்த்தவள், என் பெயரை எழுதிய மை காய்வதற்குள் அவர் இருமியதற்கு நான்தான் காரணமோ என்று நினைத்தேன். மூன்றாவது இருமல் வருகிறதா என்று எண்ணிக்கொண்டு நின்றேன். இப்படித்தான் இனி ஒவ்வொரு நாளும் அந்த வீட்டில் நிற்கப்போகிறேன் என்பது அப்போது புரிந்தது.

"சாமி, அது தப்பு. என் நட்சத்திரம் கேட்டை" என்றேன்.

"ஏய்!" என்றார் அப்பா.

"காலைல ஒன்பது நாப்பதுக்குப் பொறந்தேன் அத்தை. நேரத்த மாத்திக் குடுத்துட்டோம். எனக்கும் தெரியும்."

ஞானாம்பாள் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். "உங்க வீட்டுப் பொண்ணுக்கு வாழ்க்க வேணும்னு என் புள்ள உசுரு மேல வெளையாடுவீங்களா?" மின்வாரியத்தில் முப்பத்து மூன்று வருஷம் கம்பத்தில் ஏறிய அப்பா அன்றைக்கு நிற்க முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டார். அதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது.

"ஏன் சொன்ன?" மோனிகாதான் கேட்டாள். "எழுதிட்டாங்கல்ல. யாருக்கும் தெரியாதுல்ல. அப்பறம் ஏன் சொன்ன?"

"மாமா இருமினாரு. நான் எண்ணினேன் அக்கா. காலம் பூரா எண்ண முடியாது."

மோனிகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எழிலா, வண்டிய எடு" என்றாள் ஞானாம்பாள். எழிலன் என்னைப் பார்த்தான். கோபமா, வருத்தமா தெரியவில்லை. "போன்ல ஏன்னு நான் கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாம்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மாவின் பின்னால் போனான். பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தார் தீட்சிதர். கடைசியாகக் கிளம்பிய மணிவண்ணன் அவரிடம் குனிந்து ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் யாரும் எதுவும் முணுமுணுக்கவில்லை. புதுச்சத்திரம் தாண்டியதும், "பதினஞ்சு" என்றார் அப்பா. அதற்குப் பிறகு மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. எழிலனிடமிருந்தும் போன் இல்லை. ஒவ்வொரு முறை செல்போன் அடிக்கும்போதும் ஓடிப்போய் எடுத்தேன். வெட்கமில்லாமல்தான் ஓடினேன்.

இருபத்தைந்தாவது நாள் காலை ஏழு மணிக்கு லேபைத் திறந்து விளக்கைப் போட்டேன். வாசலில் மோனிகா நின்றிருந்தாள். பக்கத்தில் மணிவண்ணன், களைத்த முகத்தோடு.

"கொலஸ்ட்ரால் பாக்கணும். வெறும் வயித்துலதான் கூட்டியாந்திருக்கேன்" என்றாள் மோனிகா. "மொத பஸ்ஸப் புடிச்சு வந்தோம்."

"சிதம்பரத்துல லேப் இல்லையா அக்கா?" வாயில் வந்துவிட்டது.

அவள் கைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்து மேஜையில் வைத்தாள். குங்குமக் கறை படிந்த தபால் கவர். மேலே அந்தச் சாய்ந்த எழுத்து. அருள்மொழி, கேட்டை.

"அன்னைக்கு இவருதான் திருத்தி எழுதச் சொல்லிட்டு வந்திருக்காரு. என்கிட்டகூட சொல்லல. முந்தாநாள் தபால்காரர் குடுத்துட்டுப் போனாரு. அத்தை தொடல. நானும் ஒரு நா பூரா தொடல."

"எழிலன்?"

"அம்மாவோட சண்ட. மூணு வாரமா வீட்ல சாப்புடல, ஓட்டல்லதான். உன்கிட்ட பேச மூஞ்சி இல்லங்கறான். அத்தை இன்னும் ஒத்துக்கல." மோனிகா நாற்காலியை இழுத்துப் புருஷனை உட்காரவைத்து, அவர் சட்டைக் கையைத் தானே மடித்துவிட்டாள். "நான் யோசிச்சுப் பாத்துட்டேன். ஒன்பது பொருத்தம் பாத்துச் சொன்ன ஜோசியருங்க ஒருத்தரும் இவருக்கு அடைப்பு வரும்னு முன்னால சொல்லல. மாசாமாசம் இவர இங்கதான் கூட்டியாருவேன். நீதான் பாக்கணும். ரத்தத்துல குத்தம் இருந்தா மறைக்காம என்கிட்ட சொல்லு. நீ சொல்லிடுவ. அது எனக்குத் தெரியும்."

மணிவண்ணன் கையை நீட்டினார். "மெதுவா குத்தும்மா. தம்பி மாதிரி எனக்கும் ஊசின்னா பயம்தான்."

குழாயை எடுத்துப் பெயர்ச்சீட்டு எழுதினேன். மணிவண்ணன், வயது 38. எழுதியதை மோனிகா குனிந்து ஒரு முறை படித்துப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. அவர் முழங்கைக்கு மேல் பட்டையைக் கட்டி, நரம்பைத் தடவிப் பார்த்து, ஊசியை எடுத்தேன்.