ஜூலை இருபதின் மூன்றாவது செய்தி

“மாமா, இன்னிக்கு மனுஷன் நிலாவுல கால் வச்ச நாள். அதைத்தான் முதல்ல படிக்கப் போறேன்.”

“சந்திரனுக்குப் போனவனே திரும்பி வந்துட்டான். இவனைக் கடைக்கு அனுப்பினா வந்து சேர்றதில்லை,” என்று மகனைக் காட்டினார், அறிவிப்பாளரான அவளுடைய வருங்கால மாமனார்.

நிலையத்தில் எல்லோரும் ‘தாடி’ என்று கூப்பிடும் அந்த ஒலிப்பதிவாளன் அசடு வழிந்தான். அவர் சம்மதம் சொன்னால்தான் கல்யாணம். பெண் பார்க்க வானொலி நிலையத்துக்கே வருகிறேன் என்று சொல்லி, இந்தத் தேதியையும் அவரே குறித்திருந்தார்.

அப்பாவும் மகனும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது.

“வணக்கம், நேயர்களே. 1969-ல் மனிதன் நிலவில் இறங்கியது இதே நாளில்தான்...”

குரல் நன்றாகத்தான் வந்தது. நடிகர் புரூஸ் லீ மறைந்த நாளும் இதுதான் என்று படித்துக்கொண்டிருக்கையில் அவள் கண் மூன்றாவது செய்திக்கு ஓடியது.

நம் ஊர் ஆற்றுப் பாலம் இடிந்து பதினெட்டுப் பேர் இறந்த நாள். பொறுப்பேற்று, பாலம் கட்டிய பொறியாளர் பதவி விலகினார்.

அந்தப் பொறியாளர் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். தாளைத் தட்டச்சு செய்தவர் வேலைக்குப் புதிது, அவருக்கு எங்கே தெரியும்? அவளுக்கே தாடி ஒரே ஒரு முறைதான் சொல்லியிருக்கிறான். எந்தத் தேதி என்றுகூடச் சொல்லவில்லை. ‘வீட்ல அந்தப் பேச்சையே எடுக்க மாட்டோம்.’

தாடியிடமும் ஒரு பிரதி இருந்தது. முகம் வெளுத்துப்போய், வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

“இப்போது ஒரு பாடல்,” என்றாள். விளக்கு அணைந்தது. உள்ளங்கை ஈரத்தைப் புடவையில் துடைத்தாள்.

கதவு திறந்தது. மாமனார். பின்னாலேயே தாடி.

“பையன் மேசையில இருக்கிற தாள்ல மூணு இருக்கு. நீ ரெண்டுதான் படிச்சே.”

“நேரம் இல்ல மாமா...”

“உனக்குப் பொய் வரலை. எனக்காகத்தானே விட்டே?”

“அப்பா, நான்தான் வேண்டாம்னேன்.”

“நீ சும்மா இருடா.” அவர் குரல் உயரவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. இந்தக் கல்யாணம் இதோடு முடிந்தது என்றே நினைத்தாள்.

“வருஷா வருஷம் இந்தக் காலையில ரேடியோவைப் போட்டுட்டுத் தனியா உட்கார்றேம்மா. அவங்களைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லுவாங்களான்னு. நிலாவைச் சொல்றாங்க, சினிமாக்காரனைச் சொல்றாங்க. இந்த வருஷம் நீ இருக்கே, நீயாவது சொல்லுவேன்னுதான் இன்னிக்கே வந்தேன். என் மானத்தைக் காப்பாத்தறேன்னு செத்தவங்களை மறைச்சிடாதே.”

பாட்டு கடைசிச் சரணத்தில் இருந்தது. தாடி தன் மேசைக்கு ஓடினான்.

“பொறியாளர்னும் போட்டிருக்கு மாமா. அதையுமா?”

“அதையும்தான்.”

அவர் வெளியே போகவில்லை. சுவரோரமாக நின்றுகொண்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் படித்தாள். பதினெட்டுப் பேர் என்றபோது அவர் கண்களை மூடிக்கொண்டார். பொறியாளர் என்ற இடத்தில் அவள் குரல் இடறியது. ஆனாலும் நிறுத்தாமல் முடித்தாள்.

அடுத்த பாட்டு வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தாடி அப்பாவையே பார்த்தபடி உறைந்திருந்தான். நிலையம் முழுக்க ஊமையாகிப் போனது. அவர்தான் கண் திறந்து, விரலை நீட்டி மகனை உசுப்பினார். பாட்டு ஓடத் தொடங்கியது. விளக்கு அணைந்தது.

பதறிக்கொண்டு உள்ளே வந்தவனிடம் அவர் கரகரத்த குரலில் சொன்னார்.

“என்னடா பாத்துட்டு நிக்கிறே? மருமகளுக்குத் தண்ணி கொண்டு வா. தொண்டை அடைச்சிருக்கு அவளுக்கு.”

தாடி இரண்டு டம்ளர் கொண்டுவந்தான்.