பீரோவின் இடது முன்னங்கால்

முதலில் துரோகம் செய்தவன் தவசிதான். கோட்டைச்சாமிக்குச் சகலை. மாமனாரின் இரும்பு பீரோ மூத்த மகளுக்கு என்றுதான் பேச்சு. மூத்தவளைக் கட்டியவர் கோட்டைச்சாமி. மாமனார் கண்ணை மூடிய கையோடு தவசி அதைத் தன் வீட்டு மாடிக்கு ஏற்றினான், அதுவும் கோட்டைச்சாமியையே ஒரு கை பிடிக்கச் சொல்லி. பாதிப் படியில் வேட்டி அவிழ்கிறது என்று மேல்பக்கம் பிடித்திருந்த கையை விட்டுவிட்டான். பாரம் முழுக்கக் கீழே நின்றவர் மேல் இறங்கியது. அன்று பிடித்த வலி இன்றுவரை விடவில்லை. வலி இருப்பது பீரோவின் இடது முன்னங்காலில்.

கோட்டைச்சாமியின் உடம்பு கல் மாதிரி. ஆனால் தவசி வீட்டில் யாராவது பீரோவை நகர்த்திக் கூட்டினால், மூன்று தெரு தள்ளி இவர் சோற்றுக் கையோடு சுருண்டுவிடுவார். பொங்கலுக்கு அங்கே வெள்ளையடித்தால் இங்கே எழுந்திருக்க மாட்டார். இத்தனை வருடத்தில் தவசி, "வலிக்குதாண்ணே?" என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. பீரோகூட வேண்டாம், அந்த வார்த்தை வந்தாக வேண்டும் என்று கோட்டைச்சாமி இருந்தார்.

மருத்துவக் கல்லூரியில் வலியைப் பாடமாக நடத்துகிறார்கள். முதல் வருடம் உடம்புக்குள் இருக்கும் வலி, இரண்டாம் வருடம் வெளியே இருக்கும் வலி. இரண்டாவதற்கு நோயாளி கிடைப்பது அருமை என்பதால் கோட்டைச்சாமிக்குச் சொல்லி அனுப்பினார்கள். பீரோவும் வர வேண்டும் என்றார்கள். தனியாக அனுப்பினால் வண்டி கோட்டைச்சாமி வீட்டுக்குத் திரும்பிவிடும் என்று, தவசி லோடு ஆட்டோவில் பீரோவைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்து வந்தான்.

பாடம் எடுத்தவர் டாக்டர் ஜெசிந்தா. "வலி எவ்வளவுன்னு நோயாளிதான் சொல்லணும். நாம நம்பிக் கேக்கணும்" என்று ஆரம்பித்தார். மும்தாஜ் என்ற மாணவி பீரோ முன் குத்தவைத்து உட்கார்ந்து, அதன் காலைக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

"இங்கயா ஐயா?"

"கொஞ்சம் மேல. துரு இருக்குல்ல, அங்க."

"குத்துதா, எரியுதா?"

"பல்லப் பிடுங்குற மாதிரி. கதவ ஓங்கிச் சாத்துனா நடுத்தட்டு வரைக்கும் ஏறும்."

"பத்துக்கு எத்தனை சொல்வீங்க?"

"சாதா நாள்ல ஆறு. இவன் வீட்ல விசேஷம்னா ஒன்பது. நகை எடுக்கிறேன்னு தொறந்து தொறந்து சாத்துவாளுக."

"நகை ஏது, எல்லாம் கவரிங்" என்றான் தவசி, சுவரைப் பார்த்தபடி.

மற்ற பிள்ளைகளும் ஒவ்வொருவராக வந்து வலிக்கிறதா என்று கேட்டார்கள். எல்லோருக்கும் ஆமாம் என்றார். கேட்க வேண்டியவன் நகம் கடித்துக்கொண்டிருந்தான். பீரோவின் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்ததில் ஆறு ஐந்தானது.

காயம் ஆறிய பிறகும் சில வலிகள் காவலுக்கு நின்றுகொண்டே இருக்கும் என்றார் டாக்டர். எந்த அசைவில் பயந்ததோ அதே அசைவை மெதுவாகச் செய்துகாட்டி, ஆபத்து இல்லை என்று புரியவைக்க வேண்டும். ஆகவே பீரோவை மறுபடி படியேற்றினார்கள். மேலே தவசி, கீழே கோட்டைச்சாமி, இரண்டு பக்கமும் மாணவர்கள்.

"இந்தத் தடவை விட்றாதீங்க" என்றாள் மும்தாஜ்.

"நான் எப்பம்மா விட்டேன்? அது வேட்டி."

பாதிப் படியில் வேட்டி அவிழ்ந்தது. தவசி கையை விட்டான். மாணவர்கள் தாங்கிக்கொண்டாலும், பீரோவின் விளிம்பு தவசியின் முழங்காலில் நன்றாக இடித்தது. கோட்டைச்சாமி பல்லைக் கடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.

மும்தாஜ் பீரோவின் காலை அழுத்திப் பார்த்தாள். கோட்டைச்சாமிக்கு ஒன்றும் தெரியவில்லை. தவசியின் முழங்காலை அழுத்தினாள்.

"அங்கதான் தாயி" என்றார் கோட்டைச்சாமி.

தவசிக்கு வலிக்கவில்லை. "கூசுது, கைய எடும்மா" என்றான்.

"நல்ல முன்னேற்றம். மனுஷ உடம்புக்குள்ள வந்துருச்சு" என்றார் டாக்டர். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். பிறகு அவர் தவசியிடம், "நீங்க ரொம்ப நடக்கக் கூடாது. அவருக்கு எப்படி இருக்குன்னு அப்பப்பக் கேட்டுக்குங்க" என்றார்.

எல்லோரும் தவசியின் வாயைப் பார்த்தார்கள்.

"பீரோவ வண்டியில யாரு ஏத்துறது?" என்று கேட்டான்.

அந்தத் தைப்பூசத்துக்குத் தவசி பழநிக்கு மாலை போட்டான். அதுவரை போட்டதில்லை. செருப்பில்லாமல் நடந்தான். பாடத்தின் தொடர்ச்சியாக மும்தாஜும் கூட நடந்தாள். நிழல் கண்ட இடத்தில் அவன் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டு, கட்டிலில் கிடந்த கோட்டைச்சாமியைப் போனில் கூப்பிட்டு இப்போது எத்தனை என்று கேட்டாள். ஒட்டன்சத்திரம் தாண்டும்போது எட்டு என்றார்.

மலையடிவாரத்தில் அவள் போனைத் தவசியிடம் கொடுத்தாள். "நீங்களே கேளுங்க."

"அண்ணே" என்றான் தவசி.

"சொல்லு."

"பஞ்சாமிர்தம் வாங்கிட்டு வரவா?"

கோட்டைச்சாமி போனை மறு காதுக்கு மாற்றினார். "வேற ஏதும் கேக்கணுமா?"

"வேற என்ன இருக்கு?" என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

மும்தாஜ் பேசினாள். "மலைக்கு விஞ்ச் ரயில்ல போகச் சொன்னேன் ஐயா, நேர்த்திக்கடன் சேராதுங்கிறாரு. ஏறப்போறாரு. பிடிச்சுக்குங்க."

கோட்டைச்சாமி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். போனில் அரோகரா சத்தத்துக்கு நடுவே, வேறு வேறு பெண்பிள்ளைகள் தங்கள் தங்கள் போனில், எங்கோ கட்டிலில் கிடக்கும் வேறு வேறு ஐயாக்களைப் பிடித்துக்கொள்ளச் சொல்வது கேட்டது.