ஒன்பதாம் மாடிக்கு ஒரு லைஃப்

செல்லப்பாண்டியைப் போல ஓர் அவசரக்காரனைத் தாராவி ஓரத்து மாட்டுங்கா லேபர் கேம்ப் கண்டதில்லை. கோலி கிடைப்பதற்கு முன்பே கிடைத்துவிட்டதென்று ஊருக்குக் கடுதாசி போட்டுவிட்டான். கோலி என்றால் பம்பாயில் குடியிருக்கும் அறை. கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அவனோடு மொத்தம் நாற்பது நாள் இருந்த ஆறுமுகத்தாய், கடுதாசியை நம்பி மெட்ராஸ் வழியாக ரயிலேறிவிட்டாள். செவ்வாய்க்கிழமை தாதரில் வந்து இறங்குவாள். இன்றைக்கு ஞாயிறு. இவனோ தாராவித் தோல் பட்டறையில் பதினோரு பேருக்கு நடுவே காலை மடக்கிப் படுக்கிறவன்.

இந்தத் தைரியத்தை அவனுக்குக் கொடுத்தது கரீம் பாட்சாவின் வீடியோ கேம் கடை. எண்பத்தெட்டில் கேம்ப்புக்கே அது ஒன்றுதான். அங்கிருந்த பெட்டியில் ஒரு ரோபோ தாவித் தாவி மாடி ஏறும். நெருப்புக் குழியைத் தாண்டும், ஆடும் பலகையில் நிற்கும், தவறினால் பொடிப்பொடியாகும். கேம்ப்பில் அதற்குத் தகரப்பயல் என்று பேர். ஒரு காசுக்கு மூன்று லைஃப். ஒன்பதாம் மாடி உச்சியில் விளக்கு இருக்கிறதாம், அதை ஏற்றினால் ஆட்டம் முடிந்ததாம். பார்த்தவன் எவனும் இல்லை.

செம்பூரில் இரண்டாவது கடை திறக்கப்போகிற கரீம் பாட்சா போன மாதமே சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை போட்டி, ஆளுக்கு ஒரே காசு. விளக்கை ஏற்றுகிறவனுக்குச் செம்பூர்க் கடையைப் பார்த்துக்கொள்ளும் வேலை, கடைக்கு மேலே ஒரு கோலி.

செல்லப்பாண்டி எட்டாம் மாடி வரை போயிருக்கிறான். மற்றவர்கள் ஆறைத் தாண்டியதில்லை. அப்புறம் என்ன, கடுதாசி போட வேண்டியதுதானே!

போட்டியில் அவனுக்கு முன்னால் ஆடியவன் மன்சூர் அலி. கடையநல்லூர்க்காரன், நாலு வயது இளையவன், அதே பட்டறையில் பிரஸ்ஸில் தோல் வெட்டுகிறவன். அந்தப் பிரஸ் போன வருஷம் அவன் வலது கட்டைவிரலில் பாதியைத் தின்றுவிட்டது. ஐந்தாம் மாடியிலேயே அவனுடைய மூன்று லைஃப்பும் போயின.

"கட்டவெரல நாய்க்குப் போட்டவனுக்கு எதுக்குலே வெளாட்டு? நவுரு," என்றான் செல்லப்பாண்டி, கடை முழுக்கக் கேட்கும்படி.

கூட்டம் சிரித்தது. மன்சூர் நகர்ந்து பக்கத்தில் நின்றான்.

அடேயப்பா, அன்றைக்கு ஆடினான் பாருங்கள் செல்லப்பாண்டி! எட்டு மாடியும் ஒரு லைஃப் போகாமல் ஏறிவிட்டான். ஒன்பதாம் மாடியில் குழியுமில்லை, நெருப்புமில்லை. வரிசையாக இரும்புக் கட்டைகள் மேலிருந்து தடார் தடாரென்று இறங்கிக்கொண்டிருந்தன. காலை வைத்ததுமே தகரப்பயல் அப்பளமாக நொறுங்கினான். மிச்சம் இரண்டு லைஃப்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. நன்றாக ஆடுகிறவனிடம் பக்கத்தில் நிற்கிறவன் ஒரு லைஃப் கேட்கலாம். நாலு பேர் முன்னால் கேட்டால் இல்லையென்று சொல்லக்கூடாது. சொன்னவனை அப்புறம் கடையில் ஒருத்தனும் மதிக்க மாட்டான்.

"அண்ணே, ஒரு லைஃப் குடுங்க. ஒம்பதாம் மாடிய ஒருக்கத் தொட்டுப் பாக்கேன்," என்றான் மன்சூர்.

செல்லப்பாண்டியின் மூளை வேகமாக வேலை செய்தது. இவன் செத்து வழி காட்டட்டும். கட்டை எப்போது இறங்குகிறதென்று நாம் ஓரமாக நின்று படித்துக்கொள்வோம். நமக்குக் கடைசி லைஃப் ஒன்று போதும். கூடவே தாராளக்காரன் என்ற பேரும் கிடைக்கும்.

"எடுத்துக்கோலே. பிச்ச போட்டதா இருக்கட்டும்."

மன்சூர் உடனே கால் எடுத்து வைக்கவில்லை. தகரப்பயலை ஓரத்தில் நிறுத்திவிட்டு இரும்பையே பார்த்தான். காலையிலிருந்து சாயங்காலம்வரை பிரஸ்ஸுக்கு அடியில் தோலைத் தள்ளிக் கையை இழுக்கிற பிழைப்பு அவனுடையது. இரும்பு எழும்பியதுமே கையை உள்ளே விடக்கூடாது. முழுக்க மேலே போய் ஒரு குலுக்குக் குலுக்கும், அப்போதுதான் விட வேண்டும். விரலைக் கொடுத்தல்லவா அதைக் கற்றிருந்தான்! முதல் கட்டை குலுங்கியதும் தாவினான். நின்றான். இரண்டாவது குலுங்கியது, தாவினான். ஏழு கட்டைகளையும் அப்படியே கடந்து விளக்கை ஏற்றிவிட்டான். பெட்டி என்னவோ பாட்டுப் பாடியது. கடை கூரை பிய்யக் கத்தியது.

"பாய், அது என் காசு! என் லைஃப்! எட்டு மாடி ஏத்துனது நானு!" செல்லப்பாண்டியின் குரல் கீச்சென்று போயிற்று.

"அரே, லைஃப நீதான குடுத்தே? வெளக்க ஏத்துன கை யார் கை?" கரீம் பாட்சா கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

"மன்சூர் கை!" என்று அத்தனை பேரும் கூவினார்கள். அந்தக் கூட்டத்தில் செல்லப்பாண்டியிடம் ஒரு தடவையாவது ஏச்சு வாங்காதவன் எவன்?

"பஸ், போதும். கோலி மன்சூருக்கு."

செல்லப்பாண்டி வாசலுக்கு ஓடிப்போய் மன்சூரின் கையைப் பிடித்தான். "எலே, செவ்வாக்கெழம எம் பொண்டாட்டி வந்து எறங்குதா. அவள எங்கலே கொண்டு வைப்பேன்?"

மன்சூர் அவன் கையை நிதானமாக எடுத்துவிட்டான்.

"வரட்டும்ணே. செம்பூர்க் கடை மாடிப்படிக்குக் கீழ ரெண்டு பேரு படுக்கலாம். கோணி கட்டி மறைச்சுக்கிடுங்க. மதினி எனக்குச் சோறாக்கட்டும். நீங்க தெனம் வாரியலால கடையப் பெருக்கி, கக்கூஸக் கழுவிப் போடணும். சம்மதமா?"

கடையே வாசலுக்கு வந்து நின்று வேடிக்கை பார்த்தது. ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போலிருந்தது செல்லப்பாண்டிக்கு. அழுகையும் முட்டிக்கொண்டு வந்தது. ஆறுமுகத்தாய் இந்நேரம் ரயில் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருப்பாள். அவன் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"வாரியல் அங்க இருக்கா தம்பி, நான் கொண்டாரணுமா?"