நோட்டில் ஏறாத சொதி

இரண்டே நாளில் மூன்று கிலோ ஏறியிருந்தது. டயாலிசிஸ் மையத்தின் எடை மெஷினை விட்டு என் கணவர் ஸ்ரீஸ்கந்தராஜா இறங்கவே இல்லை. இன்னொரு தடவை பார்த்தால் குறைந்துவிடும் என்பதுபோல் நின்றார். எனக்கு வந்ததே கோபம்! ஆராய்ச்சிக்காக வரும் சுபாஷினி இரண்டு மாதமாக நோயாளிகளுக்குப் பாடம் எடுக்கிறாள். ஒரு நாளைக்கு ஐந்நூறு மில்லிதான் குடிக்கலாம், குடிப்பதை நோட்டில் எழுத வேண்டும், அவரவர் உடம்பை அவரவரே கவனிக்க வேண்டும். எங்கள் நோட்டை எழுதுவது நான். முப்பது வருஷம் கிளார்க்காக இருந்தவள், ஒரு மில்லிகூடப் பிசகாது.

மெஷின் அத்தனை நீரையும் இழுக்க, பாதியில் அவருக்குப் பிரஷர் இறங்கிக் கண் செருகிவிட்டது. நான் போட்ட சத்தத்தில் நர்ஸுகள் ஓடி வந்தார்கள். பிழைத்தார்.

"ஆன்ட்டி, இப்படியே ஏறினா ஹார்ட் தாங்காது லா. வீட்ல வேற என்ன குடிக்கிறாரு?" என்றாள் சுபாஷினி.

"ஒண்ணுமில்ல. காலையும் ராத்திரியும் இடியாப்பம், சொதி."

"சொதிய எழுதுறீங்களா?"

"அத ஏன் எழுதணும்? அது சாப்பாடு லா!"

சொல்லிக்கொண்டே நோட்டைப் புரட்டினேன். ஒரு பக்கத்திலும் சொதி இல்லை.

வீட்டுக்கு வந்து, வழக்கமாக அவருக்கு ஊற்றும் சொதியை அளந்து பார்த்தேன். ஒரு வேளைக்கே நானூற்று ஐம்பது மில்லி. அடிப்பாவி, என் கையாலேயே அல்லவா! ஜெலுத்தோங் வாடகை வீட்டில், கல்யாணமான புதிதில், மாமியார் தேங்காய்ப்பால் பிழிந்து சொதி வைப்பார். இவர் இடியாப்பம் மிதக்க மிதக்க ஊற்றிக்கொள்வார், முழங்கை வரை வழியும். யாழ்ப்பாணத்தைக் கண்ணால் கண்டதில்லை, நாக்கு மட்டும் அங்கேயே பிறந்திருக்கிறது என்று கேலி செய்வேன். எவ்வளவு நல்ல நாட்கள் அவை.

"இனிமே சொதியே வைக்க மாட்டேன்."

அவர் என்னிடமிருந்து நோட்டை வாங்கினார். முதல்முறையாகத் தன் கையால் எழுதினார்: சொதி, இருநூறு.

"காலையில மட்டும் வை. தண்ணிய நான் குறைச்சுக்கிறேன்."

மறுநாள் மதியம் நல்ல வெயில். உதடு காய்ந்து உட்கார்ந்திருந்தவர் எதிரில் குடிக்க மனம் வரவில்லை. டம்ளரோடு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

"யோகம், வெளிய வா. என் முன்னால குடி."

"உங்களுக்கு ஏக்கமா இருக்காதா?"

"இருக்கும் லா. இருந்துட்டுப் போகட்டும்."

வெளியே வந்து குடித்தேன். பாதியில் அழுகை வந்து புரையேறியது. தலையில் தட்டிக்கொடுத்தார். பிறகு டம்ளரை வாங்கி, ஜக்கிலிருந்து நிரப்பி, மறுபடியும் நீட்டினார். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் முதன்முதலாகப் பார்த்தபோதும் இப்படித்தான் நின்றார், சட்டைக் கை நனைந்து சொட்ட, "இன்னும் கொஞ்சம் குடிங்க" என்று.