கமுகம்பூ கட்டிய பஸ்

"எல்லாரும் நல்லாக் கேட்டுக்கொள்ளுங்க! யானை ஆட்டம் முடிஞ்சதும் நேரா வந்து ஏறணும். நம்ம பஸ் எதுன்னா, முன்னால கமுகம்பூ கட்டியிருக்கிற பஸ்!"

தெஹிவளை மிருகக்காட்சிசாலை வாசலில் திக்கிரிபண்டா முழங்கிய முழக்கத்தில் உள்ளே இருந்த சிங்கமே ஒரு கணம் தன் தொழிலைப் பற்றி யோசித்திருக்கும். ஹங்குராங்கெத்தவிலிருந்து கதிர்காமத்துக்குக் கிளம்பிய நாற்பத்தொரு பேருக்கும் அவர்தான் தலைவர். இருபத்தொரு வருடமாக யாத்திரை கூட்டிப்போகிறார். ஓர் ஆளைத் தொலைத்ததில்லை.

அன்று அவருக்கு இன்னொரு கவலையும் இருந்தது. வழியில் திஸ்ஸவில் மனைவி பிசோமெனிக்கேயின் அக்கா வீடு. அக்கா புருசன் ஐம்பத்தேழாம் வருட வெள்ளத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் வெள்ளம் வடியவே மூன்று மணி நேரமாகும். இந்த வருடமாவது தப்ப வேண்டும்.

சிம்பன்சிக் கூண்டின் முன் மெல்லத் தொடங்கினார். "பிசோ, இந்த முறை அக்கா வீட்டுக்குப் போகாம..."

"பேசாமக் குரங்கைப் பாருங்க."

அடுத்த தடாகத்தில் நீர்யானை தன் குகை வாயைத் திறந்தது. "உன் அத்தான் வெள்ளக் கதை சொல்ற மாதிரியே இல்லையா?" என்றார்.

"போவோம். சாப்பிட்டுட்டுத்தான் வருவோம்."

யானை ஆட்டம் முடிந்தது. வெளியே வந்த திக்கிரிபண்டாவுக்குத் தலை சுற்றியது. பதினேழு பஸ்கள், பதினேழின் நெற்றியிலும் கமுகம்பூ! யாத்திரை போகிற பஸ்ஸில் அதைக் கட்டாதவன் எவன்? போதாக்குறைக்கு, யாத்திரைக்காரர் எல்லாரும் வெள்ளை உடுத்ததில் இலங்கையிலுள்ள வெள்ளைத் துணியெல்லாம் அங்கே நடமாடியது. தன் டிரைவர் லயனலின் வழுக்கையை அடையாளம் வைத்து ஒருவழியாகத் தன் பஸ்ஸைக் கண்டுபிடித்தார். ஏறினார். தலைகளை எண்ணினார். நாற்பத்தொன்று.

"ஓட்டு லயனல்!"

பக்கத்தில் பிசோமெனிக்கே காற்றுக்குப் பயந்து துவாயால் தலையைச் சுற்றிக்கொண்டு ஜன்னலில் சாய்ந்திருந்தாள். மொரட்டுவையில் திக்கிரிபண்டா தைரியம் கொண்டார்.

"அக்கா வீட்டுக்குப் போகவேணாம், என்ன?"

"ம்."

அவருக்குக் காதை நம்ப முடியவில்லை. முப்பது வருட வாழ்க்கையில் முதல் சம்மதம்! அந்தக் குஷியில் பாணந்துறைப் பாலம் வரை தன் வீரப் பிரதாபங்களையெல்லாம் அளந்தார். ஒரு வரிக்காவது மறுப்பு வரவில்லை. அதுதான் கொஞ்சம் உறுத்தியது.

"வெத்தலைப் பையை எடு."

துவாய் விலகியது. உள்ளே வேறு முகம்!

"ஐயோ! யாரய்யா நீ?" என்று அந்த முகம் அலறியது.

"நீ யாரும்மா? என் பொஞ்சாதியை என்ன செய்தாய்?"

மாத்தறை எமலின் நோனாவாம். அவளுடைய பஸ் அனுராதபுரத்துக்குப் போகிறதாம்! திக்கிரிபண்டாவுக்கு வியர்த்தது. இவர் தெற்கே போகிறார், பிசோ வடக்கே போகிறாள். எண்ணிக்கை மட்டும் சரியாக இருக்கிறது.

"எண்ணினது எண்ணினீங்க மாமா, மூஞ்சியையும் ஒருக்காப் பார்த்திருக்கலாமே," என்றான் லயனல் பஸ்ஸைத் திருப்பியபடி.

வழி நெடுக எதிரே வந்த ஒவ்வொரு கமுகம்பூவுக்குள்ளும் திக்கிரிபண்டா எட்டிப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் நாற்பது பிசோக்கள் வெள்ளையாக உட்கார்ந்திருந்தார்கள். மிருகக்காட்சிசாலை வாசலுக்குத் திரும்பி வந்து சேர்ந்தபோது அங்கே ஒரே ஒரு பஸ். அதன் படியில் பிசோமெனிக்கே, மடியில் வெற்றிலைப் பை. மாத்தறைக்காரர்கள் நாற்பது பேரும் அவள் உத்தரவுக்குக் கட்டுப்பட்டுக் கை கட்டி நின்றார்கள்.

"உட்கார்ந்ததுமே தெரிஞ்சிட்டுது," என்றாள். "பக்கத்திலே இருந்த மனுசன் வாயே திறக்கல. இது நம்ம ஆள் இல்லைன்னு நிப்பாட்டச் சொல்லிட்டேன். நீங்க எவ்வளவு தூரம் போனீங்க?"

"நானுந்தான் உடனே கண்டுபிடிச்சேன்!"

"பொய்!" என்றாள் எமலின் நோனா. "பாணந்துறை வரைக்கும் பேச்சு. என் மனுசன் வருசத்துக்கு நாலு வார்த்தைதான் பேசுவார். கனவுன்னு நினைச்சுத்தான், போகவேணாமான்னு இவர் கேட்டதுக்கு 'ம்' போட்டேன்."

பிசோமெனிக்கே மெதுவாகத் திரும்பினாள். "எங்கே போகவேணாமாம்?"

திக்கிரிபண்டா கமுகம்பூவைப் பார்த்தார். அது ஒன்றும் சொல்லித் தரவில்லை.

"திஸ்ஸவில ரெண்டு நாள்," என்று அவரே தீர்ப்புச் சொன்னார்.

மறுபடி எண்ணினார். இந்த முறை பிசோவின் கையைப் பிடித்துக்கொண்டு அவளிலிருந்து தொடங்கி, சந்தேகத்தில் அவளிலேயே முடித்தார். நாற்பத்திரண்டு வந்தது. யாரும் திருத்தவில்லை.