மெக்கானிக்கின் இடது காது

படகுத்துறையின் கடைசியில், தகரக்கூரை போட்ட பட்டறையில் மெக்கானிக் இருபத்தெட்டு வருஷமாக வேலை பார்த்தார். மீன்பிடிப் படகோ, ஆள் ஏற்றும் படகோ, எஞ்சின் மக்கர் பண்ணினால் முதலில் அவரைத்தான் தேடுவார்கள். குனிந்து நுழைய வேண்டிய எஞ்சின் அறைகளில், காதைப் பிளக்கும் டீசல் இரைச்சலுக்கு நடுவே பாதி ஆயுசு கழிந்திருந்தது. காதில் பஞ்சாவது வைத்துக்கொள்ளச் சொல்லி மனைவி தலைபாடாக அடித்துக்கொண்டாள். பஞ்சு வைத்தால் எஞ்சின் சொல்வது எப்படிக் கேட்கும் என்பார் அவர்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அக்கரைக்கு ஆள் ஏற்றும் படகை அதன் டிரைவர் கொண்டுவந்தார். இருவருக்கும் பதினைந்து வருஷப் பழக்கம். மெக்கானிக் எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றி, வால்வுகளைச் சரிசெய்து, மூடிவிட்டுக் கிளப்பினார். உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஓட்டம் சீராக இருப்பதாகப் பட்டது.

"அண்ணே, ஏதோ டொக்கு டொக்குனு அடிக்குதே" என்றார் டிரைவர்.

"எஞ்சின் நல்லாத்தான் இருக்கு தம்பி. உன் காதைத்தான் சர்வீஸ் பண்ணணும்."

டிரைவர் சிரித்துக்கொண்டே வெறும் படகை ஓட்டிப் போனார். அரை மணி நேரத்தில் ஊர்ந்து ஊர்ந்து திரும்பி வந்தார். மூடியைத் திறந்தால், முறுக்க மறந்த நட்டு ஒன்று கழன்று ஆடிக்கொண்டிருந்தது. எந்தப் பச்சைப்பிள்ளைக்கும் கேட்கிற சத்தம் அது.

டிரைவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் மெக்கானிக் தாங்கிக்கொண்டிருப்பார். அவரோ பக்கத்தில் வந்து, "அண்ணே, நெசமாவே உங்களுக்குக் கேக்கலையா?" என்று கேட்டார்.

நட்டை முறுக்கி, இரண்டு தடவை சரிபார்த்து, படகை அனுப்பிவிட்டு, மெக்கானிக் பட்டறையைப் பூட்டினார். பட்டப்பகலில் வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து, துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி எழுந்துவிட்டாள்.

"என்னங்க, உடம்புக்கு முடியலையா?"

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். கிரீஸ் படிந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு இடது காது கேக்கலைம்மா. கொஞ்ச நாளாவே."

"கொஞ்ச நாளா? ரெண்டு வருஷமாச்சு."

அவர் நிமிர்ந்தார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியாம? எப்பவும் உங்க வலது பக்கமாவே நடக்கறேனே, எதுக்குன்னு நெனச்சீங்க? பஸ்ல எனக்குப் பிடிச்ச ஜன்னல் சீட்டைக்கூட விட்டுக் குடுத்தேன்."

"பாசம்னு நெனச்சேன்."

"அதுவும்தான்" என்றாள் அவள்.

"ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா ஒத்துக்கற ஆளா நீங்க? ஊர்ல இருக்கற எஞ்சினையெல்லாம் பிரிச்சுப் போடுவீங்க, உங்க மேல ஒருத்தர் கை வைக்க விடமாட்டீங்க. நீங்களாச் சொல்லட்டும்னு இருந்தேன்."

"காது போன மெக்கானிக்கை யாரு தேடி வருவா?" என்றார். அவள் அந்தக் கறுத்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மடித்து வைத்த வெள்ளைத் துணியில் கிரீஸ் அப்பியதை இருவருமே கண்டுகொள்ளவில்லை.

மறுநாள் காது டாக்டரம்மா அவரைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். மெக்கானிக் விட்டுவிடாமல் அழுத்தித் தள்ளினார்.

கதவைத் திறந்த டாக்டரம்மா, "ஐயா, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல" என்றார்.

வெளியே பெஞ்சில் இருந்த மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாம் முறை ஒழுங்காக அழுத்தினார். வலது காதும் லேசாக மந்தமாகியிருக்கிறது, போன கேட்கும் திறன் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டரம்மா. இடது காதுக்கு ஒரு கருவி, எஞ்சின் அறைக்குள் போகும்போது அதைக் கழற்றிவிட்டு இரண்டு காதையும் மூடும் உறை.

கருவியை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கியதும், "பாத்து வாங்க, படி இருக்கு!" என்று கத்தினாள் மனைவி. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"அம்மாடி, ஏன் இப்படிக் கத்தற?"

இரண்டு வருஷப் பழக்கம். சட்டென்று குரலை இறக்க அவளுக்கு வரவில்லை. வீடு சேர்வதற்குள் எத்தனையோ முறை கத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் டிரைவர் படகோடு வந்ததும் மெக்கானிக் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். "தம்பி, அன்னிக்குத் தப்பு என்னோடது. இடது காது அவுட்டு. இனிமே எஞ்சின் ஓட்டிப் பாக்கறப்ப நீயும் கூட நிக்கணும். வேற மெக்கானிக்கைத் தேடறதுன்னாலும் சரி, எனக்கு வருத்தமில்ல."

"நல்லாச் சொன்னீங்க போங்க" என்ற டிரைவர், சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவருக்கு முன்னால் எஞ்சின் அறைக்குள் இறங்கினார். மெக்கானிக் காதுறையை மாட்டிக்கொண்டு பின்னால் இறங்கி, எஞ்சினைக் கிளப்பினார். டிரைவர் தலையைச் சாய்த்து உன்னிப்பாகக் கேட்டார். பிறகு இருவரும் வெளியே வந்து மெக்கானிக் காதுறையைக் கழற்றியதும், டிரைவர் கன்னத்தை உப்பவைத்து, கண்ணை உருட்டி, "புஸ்ஸு... புஸ்ஸு... டப்" என்று செய்து காட்டினார்.

"ரெண்டு 'புஸ்ஸு'க்கு ஒரு 'டப்'பா, மூணுக்கு ஒண்ணா?" என்று கேட்டபடியே ஸ்பானரை எடுத்தார் மெக்கானிக்.