சைக்கிள் மணி கேட்டால் வரும் குரல்

1

காலையில் எழுகிறேன். முகம் கழுவுகிறேன். அடுப்பில் வெந்நீர் வைக்கிறேன். விஜயாவை எழுப்பி, எச்சிலில் நனைந்த சட்டையை மாற்றுகிறேன். மாத்திரையைக் கரண்டியால் நசுக்கி, டின்பாலில் குழைத்து ஊட்டுகிறேன். விழுங்குகிறாள். பக்கத்து வீட்டு ஷரீஃபா அக்காவிடம் அவளை விட்டுவிட்டு, சைக்கிளில் பள்ளிக்கூடம் போய்ப் பாடம் நடத்துகிறேன்.

இதில் கதை இல்லை. ஆனால் இன்று கரண்டி அவள் வாயருகே போனதும் கை நின்றுவிட்டது. பள்ளி விடுமுறை. கரண்டி மேசையில் இருக்கிறது. இதை எழுதி முடிப்பதற்குள் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும்.

2

முதல் தொடக்கம்: "மெர்டேக்கா, நாட்டின் சுதந்திரம், வந்தபோது எங்கள் காஜா பேராங் வட்டாரம் முழுவதும் வெடி வெடித்தது, என் மகள் காதைப் பொத்திக்கொண்டாள்."

அழகாக இருக்கிறது. அடித்துவிட்டேன். அவள் காதைப் பொத்தவில்லை. தலையைச் சுவரில் மோதினாள்.

இரண்டாம் தொடக்கம்: "அடுத்த மாதம் என் மனைவி சாரதாம்பாள் காய்ச்சலில் இறந்தாள். அன்று நான்

[இதை முடிக்க வரவில்லை. அப்படியே இருக்கட்டும்.]

3

விஜயாவுக்கு ஆறு வயது. சொந்தமாக ஒரு சொல் சொன்னதில்லை. கேட்டதைக் கேட்ட குரலிலேயே திருப்பிச் சொல்வாள். கச்சான் பூத்தே என்று கடலை விற்பவரின் கூவல், ரேடியோச் செய்தி, எல்லாம்.

மாலையில் என் சைக்கிள் மணி கேட்டால் சாரதா வாசலுக்கு வந்து எப்போதும் ஒன்றையே சொல்வாள். அவள் போன பிறகு மணி கேட்டதும் விஜயா வந்து அதைச் சொன்னாள். சாரதாவின் குரலில். "வந்துட்டீங்களா?" என்று தொடங்கும். (மீதியை இப்போது எழுத முடியவில்லை.)

அதற்காகச் சந்து முனையிலேயே மணியடித்தேன். சில நாள் திரும்பிப் போய் மறுபடியும் அடித்தேன்.

சுவரில் மோதுவதும் தினமும் நடந்தது. நெற்றிக் காயம் ஆறவே இல்லை.

4

முதல் வரைவில் டாக்டர் தம்பிராஜாவை இரக்கமில்லாதவராக எழுதியிருந்தேன். வாசகருக்குக் கோபப்பட ஒருவர் வேண்டுமே. உண்மையில் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, காயத்துக்குத் தன் கையாலேயே மருந்து போட்டார்.

"இதுக்கு என்ன பேர் எண்டு எனக்குத் தெரியேல்லை, மாஸ்டர். புது மருந்து ஒண்டு வந்திருக்கு. மனநிலை குழம்பின பெரிய ஆக்களுக்குக் குடுக்கிறது. பிள்ளை அடங்குவா. காயம் ஆறும்."

"பேச்சு?"

"அது எனக்குத் தெரியாது."

காயம் ஆறியது. அதை யாரும் மறுக்க முடியாது.

ஷரீஃபா அக்காவுக்கு மகிழ்ச்சி. ஜாலான் பெண்டஹாரா சாலையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் கணவருடன் ஓயாமல் சண்டை போடுபவர். "இப்ப எவ்ளோ சமத்தா உக்காந்திருக்கு பாருங்க தம்பி. எங்க வூட்டு மனுசனுக்கும் அதுல பாதி குடுங்கலா, வாயாச்சும் மூடும்" என்றார். சிரித்தேன். அவரே பிறகு, தாழ்ந்த குரலில், "ஆனா வீடு வெறிச்சுன்னு இருக்கு தம்பி" என்றார்.

மணியடித்தால் இப்போது விஜயா திரும்புவதில்லை.

5

முடிவு ஒன்று: கரண்டியைக் கழுவிவிடுகிறேன். குரல் திரும்புகிறது. நெற்றியும் பிளக்கிறது.

முடிவு இரண்டு: ஊட்டுகிறேன். தழும்பு மங்குகிறது. அவள் சுவரைப் பார்த்தபடி வளர்கிறாள்.

முடிவு மூன்று: டாக்டர் மாத்திரையைப் பாதியாக்குகிறார், எல்லாம் சரியாகி (இதை எழுத வெட்கமாக இருந்தது. போய்க் கேட்டுப் பார்க்கலாம். கேட்பேன். ஆனால் கரண்டி இன்றைக்குரியது.)

மூன்றிலும் மகளுக்காகச் செய்வதாகவே எழுதியிருக்கிறேன். மகளின் பேச்சு வேண்டுமா, மனைவியின் குரலா? அந்த மணியை யாருக்காக அடித்தேன்? இந்தப் பாத்திரத்தை, அதாவது என்னை, நம்பி முடிவை ஒப்படைக்க முடியவில்லை.

6

டின்பாலில் ஆடை படிந்துவிட்டது. விஜயா எதிரே உட்கார்ந்திருக்கிறாள். எச்சிலைத் துடைத்துவிட்டேன்.

இதை வாசிக்கும் நீங்கள் கரண்டியை எடுங்கள். அதற்கு முன் அந்த மீதியையும் கேட்டுவிடுங்கள். சாரதாவின் சொற்கள் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். மாத்திரை தொடங்கிய நாள் மாலை வாசலில் நின்று, என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, விஜயா கடைசியாகச் சொன்னது இதுதான்:

"வந்துட்டீங்களா? கால கழுவிட்டு வாங்க. புள்ள உங்களையே பாத்துக்கிட்டு நிக்குது."